துறைமுகத்தை மூட மறுத்த நகரம்

2020ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜேர்மனியின் கடைவீதிகள் அடைபட்டுக் கிடந்தபோது, கடைகளை எப்போது திறப்பது என்ற கேள்வியே எல்லோர் வாயிலும் இருந்தது. உயிர் முதன்மையானதா, வணிகம் முதன்மையானதா என்று அறிஞர்களும் அரசியலாளரும் நாள்தோறும் வாதிட்டனர். உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் சிறு கடைகளிலும் உழைத்து வாழும் எம்மவர் பலருக்கு அது வெறும் வாதமன்று; அடுத்த மாத வாடகையைப் பற்றிய கேள்வியாகவும், வீட்டிலிருக்கும் முதியோரின் உயிரைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது.

இக்கேள்வி இந்நாட்டுக்குப் புதியதன்று. அதற்கு 128 ஆண்டுகளுக்கு முன்னர், 1892ஆம் ஆண்டில், ஹம்பேர்க் நகரம் இதே கேள்வியை எதிர்நோக்கியது. வணிகமே முதன்மையானது என்று அந்நகரின் ஆட்சியாளர் முடிவு செய்தனர். அம்முடிவினால் நகரம் 8,605 உயிர்களை இழந்தது. வணிகத்தையும் சேர்த்தே இழந்தது. அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில், அதில் எம்மைப் போன்ற அகதிகளுக்கும் ஒரு பாத்திரம் தரப்பட்டிருந்தது.

வணிகரின் ஆட்சி

அக்காலத்தில் ஹம்பேர்க், ஜேர்மன் பேரரசுக்கு உட்பட்டிருந்தும் தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஒரு சுதந்திர நகரமாகும். செனற் சபையில் பெருவணிகரும் சட்டத்தரணிகளும் அமர்ந்திருந்தனர். மக்கள் சபையிலோ வீட்டுச் சொந்தக்காரரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. கட்டணம் செலுத்திக் குடியுரிமை பெற்றவர்களுக்கே வாக்குரிமை இருந்தமையால், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் மிகச் சிறு தொகையினரே வாக்களிக்க முடிந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு அந்த ஆட்சியில் குரல் இருக்கவில்லை.

1842ஆம் ஆண்டின் பெருந்தீயின் பின்னர், வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் திட்டப்படி நகருக்குக் குழாய்நீர் கிடைத்தது. அன்று அது பெரும் முன்னேற்றம். ஆயினும், எல்பே ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட நீர் மணலால் வடிகட்டப்படாமலே வீடுகளுக்குச் சென்றது. நகரின் கழிவுநீர் கலந்ததும் அதே ஆற்றில்தான். கடல் ஏற்றத்தின்போது அக்கழிவு மேல்நோக்கித் தள்ளப்பட்டு, நீர் எடுக்கும் இடம்வரை வந்துசேரக்கூடியதாக இருந்தது. வடிகட்டும் நிலையம் ஒன்று வேண்டுமென்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அதன் செலவை யார் ஏற்பது என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. 1892இல் நிலையத்தின் வேலை தொடங்கியிருந்தும் முடிவடைந்திருக்கவில்லை.

ஹம்பேர்க்கோடு ஒட்டியிருந்த அல்ரோனா, அன்று பிரஷ்யாவுக்குச் சொந்தமான தனி நகரம். ஹம்பேர்க்கின் கழிவு முழுவதும் கலந்த பின்னர் கீழ்ப்புறத்தில் ஓடிய ஆற்று நீரையே அது பயன்படுத்தியது. ஆனால் 1859ஆம் ஆண்டிலிருந்தே அந்நீரை மணலால் வடிகட்டி வந்தது. இந்த ஒரு வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை 1892ஆம் ஆண்டின் கோடைகாலம் உலகுக்குக் காட்டியது.

மௌனம் காத்த நாட்கள்

ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில், கடும் வெயிற் காலத்தில், சிலர் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் சில மணி நேரத்துள் மரணமாயினர். இது கொலரா என்று மருத்துவர் சிலர் ஐயுற்றனர். எனினும் நகரின் தலைமை மருத்துவ அதிகாரி, ஐயமற உறுதிப்படுமுன் எதையும் அறிவிக்க விரும்பவில்லை. கொலரா என்று அறிவித்தால் உலகத் துறைமுகங்கள் ஹம்பேர்க் கப்பல்களைத் தடுத்து நிறுத்தும் என்பது ஆட்சியாளரின் அச்சம். அந்த அச்சத்துக்கு ஓர் அறிவியற் போர்வையும் கிடைத்தது. கிருமி மட்டும் நோயை உண்டாக்காது, மண்ணின் தன்மையே முக்கியம், தடுப்புக்காவலால் பயனில்லை என்று மூனிச் நகரின் மக்ஸ் பொன் பெற்றன்கோபர் என்ற பேராசிரியர் நெடுங்காலமாகக் கற்பித்து வந்தார். வணிகருக்கு இனிமையாக ஒலித்த போதனை அது.

ஓகஸ்ட் 17ஆம் திகதி 'மொறாவியா' என்ற கப்பல், நோயற்ற துறைமுகத்திலிருந்து வருவதாகச் சான்றிதழ் பெற்று, குடிபெயர்வோரை ஏற்றிக்கொண்டு நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டது. அங்கு சென்றடையுமுன் அதில் 22 பேர் இறந்து கடலில் இடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள்.

முதல் நோயாளி இறந்து ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்த பின்னரே, நகரில் கொலரா இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ட் 24ஆம் திகதி, பேரரசின் சார்பில் றொபேர்ட் கொஹ் ஹம்பேர்க் வந்தார். 1884இல் கல்கத்தாவில் கொலராக் கிருமியை ஆராய்ந்து, அது நீர்வழியே பரவுவதை எடுத்துக்காட்டியவர் அவர். 'கெங்கபியேர்ரல்' எனப்பட்ட ஒழுங்கைக் குடியிருப்புகளை அவர் சுற்றிப் பார்த்தார். வெயில் படாத ஒடுங்கிய சந்துகளில் குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைபட்டு வாழ்ந்த அக்காட்சியைக் கண்டு, தாம் ஐரோப்பாவில் நிற்பதையே மறந்துவிட்டதாக அவர் சொன்னார் என்பர். கல்கத்தாவை அறிந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த அச்சொல், செல்வச் செருக்குடைய நகரத்துக்குப் பெரும் அவமானமாயிற்று.

அதன் பின்னர் பாடசாலைகள் மூடப்பட்டன. கூட்டங்களும் கேளிக்கைகளும் தடைசெய்யப்பட்டன. கொதிக்கவைத்த நீர் வண்டிகளில் கொண்டுசெல்லப்பட்டு வழங்கப்பட்டது. நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும் என்ற துண்டுப்பிரசுரங்களைத் தொழிலாளர் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க, செனற் சபை தான் அதுவரை பகைத்து வந்த சமூக சனநாயகக் கட்சியினரின் உதவியையே நாடவேண்டியதாயிற்று. ஆனால் காலம் கடந்துவிட்டது. கிருமி ஏற்கனவே குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றனர். அவர்களுள் பாதிப்பேர் மாண்டனர். ஓல்ஸ்டோர்ப் மயானத்தில் அவர்கள் கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டனர். நீரைக் கொதிக்கவைக்கப் பணிப்பெண்களை வைத்திருந்த செல்வந்தர் பெரும்பாலும் தப்பினர். எரிபொருளுக்கே வழியற்ற ஏழைகள் மடிந்தனர்.

அல்ரோனாவிலோ இறந்தோர் சில நூறு பேரே. இரு நகரங்களுக்கும் பொதுவான எல்லைத் தெருவில் நோய் ஒரு பக்கத்தைத் தாக்கி மறுபக்கத்தை விட்டுவைத்தது. அத்தெருவில் ஹம்பேர்க் பகுதியில் இருந்தும் அல்ரோனாவின் குழாய்நீரைப் பெற்ற ஒரு தொடர்மனையில் எவரும் நோயுறவில்லை என்பதைக் கொஹ் சுட்டிக்காட்டினார். ஒரே மண், ஒரே காற்று. நீர் மட்டுமே வேறு. பெற்றன்கோபர் தம் கொள்கையை நிலைநாட்ட எண்ணி, அவ்வாண்டு ஒக்ரோபரில் கொலராக் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரது கொள்கை பிழைக்கவில்லை.

பழி யார்மீது?

ஆட்சியாளரின் தவறு வெளிப்படுமுன்னரே பழியைச் சுமத்த ஆட்கள் கிடைத்துவிட்டனர். 1891இல் மொஸ்கோவிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டனர். அவர்களோடு, ரஷ்யப் பேரரசில் வாழ வழியற்ற பல்லாயிரவர் ஹம்பேர்க் வழியாக அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களைத் தங்கவைக்க 1892இல் அமெரிக்கா இறங்குதுறையில் கொட்டகைகள் அமைக்கப்பட்டிருந்தன. கொலராவைக் கொண்டுவந்தவர்கள் இவர்களே என்ற பேச்சு பரவியது. கிருமி ரஷ்யாவிலிருந்து வந்திருக்கலாம். அங்கு அவ்வாண்டு கொலரா பரவியிருந்தது. ஆனால் கிருமியைக் குழாய்வழியே வீட்டுக்கு வீடு சேர்த்தது அகதியல்ல. நகரத்தின் வடிகட்டாத நீர். அவ்வழியே சென்ற எத்தனையோ ஊர்களில் இத்தகைய பேரழிவு நிகழவில்லை.

ஆயினும் தண்டனை அகதிக்கே முதலிற் கிடைத்தது. பிரஷ்யா தன் கிழக்கெல்லையை ரஷ்யக் குடிபெயர்வோருக்கு மூடியது. செப்ரெம்பர் 1ஆம் திகதி, அமெரிக்க அதிபர் ஹரிசன், குடிபெயர்வோரை ஏற்றிவரும் கப்பல்களுக்கு இருபது நாள் தடுப்புக்காவலை அறிவித்தார்.

இத்தகைய வரலாறு எம் இனத்துக்கும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர், மன்னாரிலிருந்து மாத்தளை செல்லும் வடக்கு வீதியில் கொலராவுக்கு இரையாகிப் பெருந்தொகையாக இறந்தனர். தோட்டங்களுக்கு அவர்களது உழைப்பு வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் நோய் காவிகள் என்றே பார்க்கப்பட்டனர். பின்னாளில் மண்டபத்தில் அவர்களைச் சில நாட்கள் மறித்துவைத்துப் பரிசோதிக்கும் முகாம் நடத்தப்பட்டது. எம்மில் பலர் அறிந்த அதே மண்டபம் முகாம்தான் அது. ஈழத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஏதிலிகளை ஏற்றதும் அதுவே.

கதவைத் திறந்தது எது?

ஹம்பேர்க் தன் வணிகத்தைக் காப்பதற்காகவே மௌனம் காத்தது. விளைவு என்ன? உண்மை வெளிப்பட்டதும், இனி அந்நகரின் எந்தச் சான்றிதழையும் எவரும் நம்பவில்லை. பிற துறைமுகங்கள் அதன் கப்பல்களை மறித்தன. குடிபெயர்வோர் போக்குவரத்து பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய நட்டத்திலும் இது பன்மடங்கு பெரியது.

வணிகத்தின் கதவுகளை மீண்டும் திறந்தது வணிகரின் வற்புறுத்தல் அன்று. இராப்பகலாக வேலை செய்து, 1893ஆம் ஆண்டு மே மாதத்தில் கால்ரஹோப தீவில் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நகருக்கெனச் சுகாதார ஆய்வுநிலையம் ஒன்று நிறுவப்பட்டது. குடியுரிமைக் கட்டணம் 1896இல் நீக்கப்பட்டு, வாக்குரிமை ஓரளவு விரிந்தது. 1900இல் பேரரசு முழுமைக்கும் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நோயை அறிவிப்பது இனி ஒரு நகரத்தின் விருப்பமன்று, கடமை. அச்சட்டத்தின் வழித்தோன்றலாக 1961இன் சட்டமும், 2001இல் நடைமுறைக்கு வந்த தொற்றுப் பாதுகாப்புச் சட்டமும் அமைந்தன. 2020இல் எமது கடைகளை மூடியதும் திறந்ததும் இந்தச் சட்டத்தின்கீழேயே.

2020இல் நிகழ்ந்தவை

2020 மார்ச்சில் மூடப்பட்ட கடைகளுள் 800 சதுர மீற்றர்வரை பரப்புடையவை ஏப்ரல் 20ஆம் திகதியிலிருந்து திறக்க அனுமதிக்கப்பட்டன. மே 4இல் சிகையலங்கார நிலையங்கள் திறந்தன. இம்முறை நாள்தோறும் தொற்று எண்ணிக்கை வெளியிடப்பட்டது, மறைப்பு இருக்கவில்லை. 1892இலிருந்து இந்நாடு பாடம் கற்றிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் பாடத்தின் ஒரு பகுதி கற்கப்படவில்லை. அவ்வாண்டு யூன் மாதம், கியூற்றர்ஸ்லோ மாவட்டத்தின் றேடா-வீடன்புறூக்கிலுள்ள ரொனீஸ் இறைச்சித் தொழிற்சாலையில் 1,500க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. உணவு உற்பத்தி இன்றியமையாதது என்பதால் அத்தொழிற்சாலை ஊரடங்குக் காலத்திலும் மூடப்படவில்லை. அங்கு உழைத்தோருட் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துணை ஒப்பந்தக்காரர் மூலம் கொண்டுவரப்பட்டு, நெருக்கமான விடுதிகளில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்கள். கட்டுப்பாடுகளைத் தளர்த்தியமைக்கும் இதற்கும் தொடர்புண்டா என்று கேட்டபோது, ருமேனியரும் பல்கேரியரும் வெளியிலிருந்து வந்ததாலேயே நோய் வந்தது என்ற கருத்துப்பட மாநில முதல்வர் ஆர்மின் லாஷெற் பதிலளித்தார். எதிர்ப்பு எழுந்த பின்னர், தொழிலாளரைப் பழிப்பது தம் நோக்கமன்று என அவர் விளக்கமளித்தார். குளிரூட்டிய அறையில் அதே காற்றே மீண்டும் மீண்டும் சுழன்றமை, தொற்றை எட்டு மீற்றருக்கும் அப்பால் கொண்டுசென்றதென ஆய்வாளர் பின்னர் கண்டறிந்தனர். 1892இல் வடிகட்டாத நீர். 2020இல் புதுப்பிக்காத காற்று. இரண்டு வேளைகளிலும் முதலிற் சுட்டப்பட்டவன் வெளிநாட்டுத் தொழிலாளி.

இறுதியில் 2021 சனவரியிலிருந்து இறைச்சித் தொழிலின் முதன்மைப் பணிகளில் துணை ஒப்பந்த முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கால்ரஹோப நிலையத்தைப் போலவே, இதுவும் பேரிடர் வந்த பின்னரே வந்தது.

கடைகள் திறக்கவேண்டாமென்று எவரும் சொல்வதற்கில்லை. நாட்கூலியில் வாழ்பவனுக்கு மூடிய கடையும் ஒரு நோயே. ஆனால் உயிரா வணிகமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பிழை என்பதே ஹம்பேர்க் தரும் பாடம். நோயை மறைத்துக் காப்பாற்றிய வணிகம் சில நாட்களுக்கே நின்றது. உண்மையைச் சொல்லி, நீரைத் தூய்மையாக்கிய பின்னரே அது நிலைத்தது.

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின், எப்போது திறப்பது என்று கேட்பவர்களோடு சேர்ந்து நாமும் கேட்போம். அத்தோடு வேறு இரு கேள்விகளையும் கேட்போம்: திறந்த கதவுக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் யார்? அவர்கள் குடிக்கும் நீரையும் சுவாசிக்கும் காற்றையும் தூய்மையாக்கியாயிற்றா?