மானிப்பாய்க்கு வந்த மூளை

1858இல் லண்டன் புனித ஜோர்ஜ் வைத்தியசாலையின் இரண்டு இளம் மருத்துவர்கள் செய்த ஒரு உடற்கூற்று நூல் வெளிவந்தது. எழுதியவர் ஹென்றி கிறே, 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வன்டைக் காட்டர். அட்டையில் பெயர் நிலைத்தது கிறேக்குத்தான். அவரோ மூன்றே ஆண்டில், 34 வயதில், பெரியம்மையில் போய்ச் சேர்ந்தார். காட்டர் புத்தகம் வெளிவரும் முன்பே பம்பாய்க்குக் கப்பலேறி, பின்னாளில் ‘மதுரைப் பாதம்’ என்ற பூஞ்சை நோயை ஆராய்ந்து பெயர் பெற்றார். ஆக, நூல் தமிழுக்கு வருமுன் அதன் ஓவியர் தமிழ்நாட்டு ஊரொன்றின் பெயர்கொண்ட நோயில் மூழ்கியிருந்தார்!

1859இல் பிலடெல்பியாவில் அமெரிக்கப் பதிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அமெரிக்கர்தான்: மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் ஊரைச் சேர்ந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து, மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடியே மாணவருக்கும் பாடம் சொன்னார். 1852இல் சிறியதோர் உடற்கூற்று நூல், 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரணவைத்தியம் என்று தமிழில் அச்சிட்டார். 1872இல் வந்தது ‘மனுஷ அங்காதிபாதம்’. கிறேயை முதுகெலும்பாக வைத்து, வேறு நூல்களையும் சேர்த்து, மாணவர் சாப்மனின் துணையோடு செய்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல்.

ஏன் தமிழில்? கிறீனின் கணக்கு வெகு நடைமுறையானது. இங்கிலீசில் படித்த பெடியன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான். தமிழில் படித்தவன் ஊரோடு இருந்து வைத்தியம் பார்ப்பான். மிஷனரி என்பதற்காக இந்தக் கணக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இன்று வரைக்கும் அதைப் பொய்யென்று சொல்ல முடியாது.

அந்த நூல் வந்த 1872இல் மூளை எப்படிப்பட்ட பொருள்? பெருமூளை, சிறுமூளை, மண்டையோட்டைத் துளைத்து வெளிவரும் நரம்புகள் என வடிவம் துல்லியமாகத் தெரியும். எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் அப்போது சூடான ஆராய்ச்சி. 1861இல் பாரிசில் புறோக்கா பேச்சுக்குரிய இடத்தைக் காட்டினார். 1870இல் பெர்லினில் பிரிட்ஷும் ஹிற்சிக்கும் நாயின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, அதன் கால்களை அசையவைத்தார்கள். உடைந்து அமுங்கிய மண்டையோட்டைத் தூக்கிவிடும் சத்திர வைத்தியம் பழையது. ஆனால் வெளிக்காயமே இல்லாத தலையில், கைகால் இழுப்பை மட்டும் பார்த்துக் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்து, அங்கேயே திறந்து எடுத்தது 1884 நவம்பரில், லண்டனில், அறுவை மருத்துவர் கொட்லியின் கையால். நோயாளி ஒரு மாதமளவில் கிருமித் தொற்றால் இறந்தார். கிறீன் அதே ஆண்டு மே மாதம் வூஸ்ரரில் காலமாகிவிட்டார். மூளையின் வரைபடம் தமிழில் அச்சேறிப் பன்னிரண்டு வருடம் கழித்தே உலகத்தில் அந்தக் கட்டியறுவை தொடங்குகிறது.

அதற்குள் தமிழ் வகுப்பின் காலம் சரியத் தொடங்கிவிட்டது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் ஆரம்பமானது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் வந்தபோதும் பாடம் ஆங்கிலத்தில்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து மூளை அறுவைக்கு இன்னொரு வழியும் போனது, சுற்றுவழி. கிறீனுக்கு முன்னே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அதே அமெரிக்க மிஷனின் ஜோன் ஸ்கடர், 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவக் கல்லூரியை எழுப்பினார். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்கேதான். சாண்டி மொன்றியலில் பென்பீல்டிடம் பயின்றவர். நினைவோடிருக்கும் நோயாளியின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, எங்கே தொட்டால் கை அசைகிறது, எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வலிப்புக்கு அறுவை செய்தவர் பென்பீல்ட். அந்த ஆர்வம் சாண்டியோடு வேலூருக்கு வந்தது. 1950களின் தொடக்கத்திலேயே வலிப்புக்கான அறுவை அங்கே நடந்தது.