பழைய காருக்கு ஏற்ற அடிச்சட்டம் எது?

வேலூர் லாங் பஜாருக்குச் சரக்கு இறக்க வரும் லாரி ஒன்று, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, முன்னால் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். டிரைவர் அறையின் கூரை ஒரு பக்கம் சாயும். அதற்குப் பின்னே உயர்ந்து தெரியும் சரக்குப் பெட்டியின் விளிம்பு அந்த அளவுக்குச் சாயாது. இரண்டையும் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டம் முறுக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். அறையையும் பெட்டியையும் ஒரே உடலாகக் கட்டியிருந்தால், அந்த முறுக்கம் எங்காவது ஒரு மூட்டைப் பிளந்துவிடும்.

இந்தச் சட்டத்தைத்தான் பட்டறைகளில் ‘சேசிஸ்’ என்கிறார்கள். நாம் அடிச்சட்டம் என்போம். எங்கோ ஒரு கொட்டகையில் பழங்காலக் கார் ஒன்றின் பாடி மட்டும் கிடைக்கிறது. அடிச்சட்டம் துருவேறிப் போய்விட்டது. வேறு எந்தச் சட்டத்தின்மீது அதை ஏற்றலாம்? பழைய கார்ப் பிரியர்கள் உலகெங்கும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோர் உடனே அளவு நாடாவை எடுக்கிறார்கள். நீளத்தை அளப்பது தேவைதான். ஆனால் அது பாதி வேலைகூட அல்ல.

காரும் பாடியும் பிறப்பிலேயே வெவ்வேறு கைகளில் பிறந்தவை. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்ஸன் நிறுவனம் முதலில் குதிரை வண்டி கட்டியது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். ஐரோப்பாவிலும் இதே கதைதான். எஞ்சினும் சக்கரமும் பூட்டிய சட்டத்தை ஒரு கம்பெனி விற்கும். வாங்கியவர் அதைக் கோச்சு வண்டி கட்டுபவரிடம் கொண்டுபோய்ப் பாடி கட்டிக்கொள்வார். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இரண்டாம் உலகப் போர் வரையில் சட்டம் மட்டுமே விற்றது. கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் ‘பாடி கட்டுவது’ அந்த மரபின் தொடர்ச்சியே.

அக்காலப் பாடி என்பது மரச் சட்டகத்தின்மேல் அறைந்த தகடு. அடியில் இருந்த இரும்புச் சட்டமோ, பக்கவாட்டில் சாய்த்த ‘ப’ எழுத்துப் போன்ற திறந்த குறுக்குவெட்டு உடையது. அது நன்றாகப் பாரம் தாங்கும். ஆனால் எளிதில் முறுக்கிக்கொள்ளும். மேடு பள்ளத்தில் மர மூட்டுகள் கிறீச்சிடும், கதவுகள் தாமே திறந்துகொள்ளும். பாரிஸில் பணியாற்றிய விமானி சார்லஸ் வேமன் 1920களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். மரத்தோடு மரம் உரசாதபடி இடையில் உலோகத் தகடு வைத்து மூட்டினார்; வெளிப்புறத்தைத் தகட்டுக்குப் பதிலாகத் துணியாலும் செயற்கைத் தோலாலும் போர்த்தினார். சட்டம் முறுக்கினால் பாடியும் கூடவே வளைந்துகொடுக்கும்! தோல் தொழிலில் ஊறிய நம் பகுதியினருக்கு இன்னொரு செய்தி: முற்காலக் கார்களில் கிளச்சின் கூம்பு முகத்துக்கும் தோல்தான் ஒட்டினார்கள். வில் பட்டைகளுக்கும் தோலுறை உண்டு.

முறுக்கம் என்றால் என்ன என்பதை ஒரு சோதனையால் உணரலாம். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழல் இரண்டு வாங்கி, ஒன்றை மட்டும் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். இரண்டையும் முறுக்கிப் பாருங்கள். கிழித்த குழல் கையோடு வந்துவிடும்; மற்றது அசையாது. குழலின் ஆரத்தை அட்டையின் தடிப்பால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, 3ஆல் பெருக்குங்கள். மூடிய குழல் எத்தனை மடங்கு விறைப்பானது என்பது கிடைக்கும். ஆரம் 25 மி.மீ., தடிப்பு 1 மி.மீ. என்றால் 1,875 மடங்கு. வகுப்பில் மாணவர்கள் இந்த எண்ணை நம்பவே மாட்டார்கள். குழலைக் கையில் கொடுத்த பிறகு வாதம் நின்றுவிடும். ஆம்பூர்ச் செருப்புப் பெட்டியும் இதையே காட்டும். மூடியில்லாத பெட்டி எப்படியும் நெளியும். மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் கல்லாகிவிடும்.

பாடியே இப்படி மூடிய பெட்டியாக இருக்கும்போது தனிச் சட்டம் எதற்கு? இக்கேள்விக்கு 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்டாவும், 1934இல் பிரான்சின் சித்ரோவன் முன்சக்கர இயக்கக் காரும் விடை தந்தன. பாடியே பாரத்தைச் சுமந்தது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் இவ்வழி வந்தவையே. அவற்றின் பாடியை நீக்கினால் எஞ்சுவது சட்டம் அல்ல. வெறும் உதிரி பாகங்கள்.

இக்காற்றுக்கு எதிர்த்திசையில் சென்ற ஒரு கார் சென்னையில் உருவானது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒற்றை உடலாக அழுத்தித் தர ஆள் கிடைக்காத நிலையில், அது 1959இல் ஹெரால்டு காரைத் தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் பூட்டும் முறையில் வெளியிட்டது. பெரிய அச்சு எந்திரங்கள் இல்லாத நாடுகளில் பூட்டவும் இது வசதியாயிற்று. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் சென்னையில் இதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கே உரியது.

இங்கிலாந்தில் பிற்காலத்தில் பழைய பாணிப் பாடிகளைச் செய்து விற்ற சிறு பட்டறைகள் பல, ஹெரால்டு சட்டத்தை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி உள்ளது. ஹெரால்டின் உறவான ஸ்பிட்ஃபயர் காரின் சட்டமும் பார்வைக்கு அதே குடும்பம்தான். அதில் சக்கர இடைத்தூரம் 83 அங்குலம், ஹெரால்டில் 91.5. முக்கியமான வேறுபாடு இதுவன்று. ஸ்பிட்ஃபயரில் பக்கவாட்டுக் கைச்சட்டங்களை நீக்கிவிட்டு, பாடியின் கதவடிப் பெட்டிகளைப் பாரம் சுமக்க வைத்தார்கள். அந்த இரும்புப் பாடியைக் கழற்றி மரப் பாடியை ஏற்றினால், சட்டம் கடன் வாங்கியிருந்த வலிமையும் கூடவே போய்விடும். வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்துக்கும் இது பொருந்தும். ஆகவே சட்டத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இதன் பழைய பாடி எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது?

நீளத்தைக் கூட்டுவதிலும் கணக்கு உண்டு. ஃபோர்டு ‘டி’ மாடலின் இடைத்தூரம் 100 அங்குலம். ஹெரால்டு சட்டத்தை நடுவில் வெட்டி 8.5 அங்குலம் சேர்த்து அந்த அளவுக்கு நீட்டினால், அதே பாரத்துக்கு முறுக்கம் சுமார் 9 சதவீதமே கூடும். வளைவோ நீளத்தின் கனத்தைப் பொறுத்தது. அது 30 சதவீதம் கூடிவிடும். வெல்டிங் வைத்த இடத்தின் பலவீனம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஜீப்பின் ஏணிச் சட்டம் உறுதியானது. ஆனால் மகேந்திராவின் பழைய சி.ஜே. 3பி ஜீப்பில் இடைத்தூரம் 80 அங்குலந்தான், சட்டமும் உயரம். அதில் தாழ்ந்த பழம் பாடியை ஏற்றினால் பொய்க்கால் குதிரை போல் நிற்கும்.

சட்டம் மாற்றினால் காரின் பெயரும் மாறக்கூடும். பதிவுப் புத்தகத்தில் காரை அடையாளம் காட்டுவது சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணுமே. மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வேறு சட்டத்தில் ஏறிய பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வரையறைக்குள் வராது.

எனவே துருவேறிய மூலச் சட்டத்தை அவசரப்பட்டுப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட வேண்டாம். அதன் போல்ட் துளைகள், பின் அச்சின்மேல் அது எழும்பி வளையும் உயரம், ஸ்டீயரிங் பெட்டி அமரும் இடம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டால், மாற்றுச் சட்டம் தேடினாலும் சரி, அதே வடிவில் புதிதாகச் செய்தாலும் சரி, அதைவிட நம்பகமான வரைபடம் வேறு கிடைக்காது.