நொய்யல் வழக்கும் தரப்பினர் சேர்க்கையும்

நிலுவையிலுள்ள வழக்கில் புதிய தரப்பினரைச் சேர்க்கும் அதிகாரத்தை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1, விதி 10(2) நீதிமன்றத்திற்கு வழங்குகிறது. எவரின்றிப் பயனுள்ள ஆணையே பிறப்பிக்க இயலாதோ அவர் அவசியமான தரப்பினர். எவர் முன்னிலையில் இருந்தால் வழக்கு முழுமையாகத் தீருமோ அவர் உரிய தரப்பினர். இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1962இல் உதித் நாராயண் சிங் வழக்கில் தெளிவுறுத்தியது. நீதிப்பேராணை மனுக்களுக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது, கொள்கை பொருந்தும். கூலிப் பாக்கி கோரும் சிறு வழக்கில் எளிதாக விடைபெறும் இவ்வினா, ஆறு ஒன்று மாசுபடும்போது கடினமாகிறது.

திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதால் ஈரோடு, கரூர்ப் பகுதி உழவர்கள் பாதிக்கப்பட்டனர். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கின் தலைப்பில் நிற்பன இரண்டு சங்கங்கள்: மேல்முறையீட்டாளர் திருப்பூர் சாயத்தொழிற்சாலை உரிமையாளர் சங்கம், எதிர்மனுதாரர் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். பட்டறைகளைத் தனித்தனியே சேர்த்திருந்தால் அறிவிப்பு சார்வு செய்வதற்கே ஆண்டுகள் கழிந்திருக்கும். சங்கத்தின் வழியே அவை வழக்கிற்குள் வந்தமை நடைமுறையில் உழவர்க்கு நன்மையே. மாசுபடுத்துவோரே செலவேற்க வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி பொறுப்பும் பட்டறைகள் மீதே சுமத்தப்பட்டது.

ஆயின் சாயமிடுதல் பெரும்பாலும் கூலிக்குச் செய்யப்படும் பணி. துணி பட்டறைக்காரருடையது அன்று; நிறத்தையும் காலக்கெடுவையும் விதிப்பவர் ஏற்றுமதியாளர், அவருக்கு விதிப்பவர் அயல்நாட்டுக் கொள்வோர். கழிவுநீர்க் குழாயின் வாயில் எங்கிருக்கிறதோ அங்கேயே பொறுப்பு தேடப்பட்டதால், விலையை நிர்ணயித்தவர்கள் அத்தலைப்பில் இடம்பெறவில்லை. என் கருத்தில் அவர்களை அவசியமான தரப்பினர் எனக் கூறுதல் மிகை. அவர்களின்றியே ஆணை பிறந்தது, நிறைவேறவும் செய்தது. உரிய தரப்பினர் என்பதற்கோ வலுவான வாதம் உண்டு: தூய்மைப்படுத்தும் செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்னும் வினா அவர்களின்றி முழுமையாகத் தீராது.

2011 ஜனவரி 28இல் கழிவுநீர் வெளியேற்றமே இருத்தலாகாது என்னும் நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தீராத செலவு வினா பின்னர் வேறிடத்தில் எழுந்தது. அவ்வாண்டே சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாயைத் தமிழக அரசு அறிவித்தது. வரி செலுத்துவோரை எவரும் வழக்கில் சேர்க்கவில்லை; செலவில் மட்டும் சேர்க்கப்பட்டனர்.