நிலவறையில் பிறந்த கலை

வீட்டிலேயே சிறியதொரு படக்கொட்டகை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இன்று இளைஞர் பலருக்கு உண்டு. பூசாத சுவரும் தளமிடாத தரையுமாக ஓர் அறை கிடைத்துவிட்டால் போதும். எந்தக் கருவியை வாங்கலாம், அதன் விலை என்ன என்னும் பேச்சே முதலில் எழுகிறது. கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி கருவிக்குப் போய்விடுகிறது. எஞ்சிய சிறு தொகைதான் அறைக்குக் கிடைக்கிறது. இந்த முறை சரியானதா? எதில் சிக்கனம் செய்யலாம்? எதில் செய்யலாகாது? இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் வரலாற்றினிடம் செல்லலாம். குறைந்த செலவில் படம் காட்டும் முயற்சி நேற்று இன்று தோன்றியதன்று. திரைப்படத்தோடு உடன்பிறந்தது அது.

1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாளைத் திரைப்பட வரலாற்றின் தொடக்கமாக அறிஞர் பலரும் கொள்வர். பாரிஸ் நகரில் காப்புசீன் பெருஞ்சாலையில் ‘கிராண்ட் கஃபே’ என்னும் சிற்றுண்டிச்சாலை ஒன்று இருந்தது. அதன் அடியில் ‘இந்தியக் கூடம்’ என்று பெயர் பெற்ற நிலவறை ஒன்று. லூமியேர் சகோதரர் ஆக்கிய படக்கருவியைப் பொதுமக்களுக்குக் காட்ட, அவர்களுடைய தந்தையார் அந்துவான் லூமியேர் தேர்ந்தெடுத்த இடம் அந்த நிலவறையே. வசூலில் ஐந்தில் ஒரு பங்கு தருவதாக அவர் சொன்னார். இடத்துக்கு உரியவரோ அதனை நம்பவில்லை. நாளொன்றுக்கு 30 பிராங்கு வாடகையே போதும் என்று கூறிவிட்டார். முதல் நாள் ஆளுக்கு ஒரு பிராங்கு கொடுத்துக் கீழே இறங்கியவர் 33 பேர். அவர்கள் கண்டவை 10 துண்டுப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவிற்கும் குறைவு. சில வாரங்களுக்குள் நாள்தோறும் 2,000 பேருக்கு மேல் அங்கே வந்தனர் என்றால், வாடகையே போதும் என்றவர் இழந்தது எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

படம் காட்டுவோனுக்கு முதற்பொருள் இருள். அந்த இருளை நிலவறை விலையின்றி அளித்தது. ஆனால் லூமியேரின் கருவியில் நாம் கருத வேண்டிய மற்றொரு நுட்பமும் உண்டு. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுப் பொருளால் ஆனது. ஆகவே விளக்கிற்கும் சுருளுக்கும் இடையே நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றை வைத்தனர். ஒளியைக் குவிக்கும் வில்லையாகவும் அது பயன்பட்டது. வெப்பத்தைத் தணிக்கும் அரணாகவும் நின்றது. தற்செயலாகக் குடுவை உடைந்தாலும் ஒளி குவியாது, சுருள் எரியாது. சிறு செலவில் பெருங்காப்பு! சிக்கனம் என்பது இதுவன்றோ?

இந்த எச்சரிக்கை எல்லாரிடத்தும் இருக்கவில்லை. 1897-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், அதே பாரிஸ் நகரில், அறப்பணிக்காக நடத்திய விற்பனைவிழா ஒன்றில் படக்காட்சியும் வைத்திருந்தனர். மரமும் துணியும் கொண்டு எழுப்பிய தற்காலிகக் கொட்டகை அது. படக்கருவியின் ஈதர் விளக்கிலிருந்து பற்றிய தீ, சில நிமிடங்களில் கொட்டகை முழுவதையும் விழுங்கியது. 120 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த கட்டடத்தின் சன்னற் கம்பிகளை உடைத்து வழி செய்ததனால் சிலர் பிழைத்தனர். வெளியேறும் வாயில்களைப் பற்றி முன்னரே எண்ணியிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் பிழைத்திருப்பர்! பிற்காலத்தில் பல நாடுகள் இயற்றிய சினிமாச் சட்டங்கள் யாவும் இத்தகைய தீயின் பாடங்களே. இங்கிலாந்தில் 1909-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1918-ஆம் ஆண்டிலும் அவை வந்தன. படக்கருவி மக்களோடு கலந்திராமல் தனியறையில் இருக்கும் வழக்கம் அவற்றால்தான் வேரூன்றியது.

இனி ஒலியைப் பற்றிச் சிறிது காண்போம். லூமியேர் படம் காட்டிய அதே 1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஓர் இடரில் சிக்கியிருந்தனர். புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு அறையில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்குவதற்கு ஐந்தரை நொடி ஆயிற்று. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து ஒன்றன்மேல் ஒன்று மோதின. இதனைத் தீர்க்குமாறு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரைப் பணித்தனர். அவர் கையாண்ட கருவிகள் ஓர் ஆர்கன் குழலும் நேரங்காட்டியும் பக்கத்து அரங்கிலிருந்து கொணர்ந்த இருக்கை மெத்தைகளுமே. தெரு ஓசை அடங்கிய இரவுகளில் மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறை பெரிதானால் முழக்கம் நீளும். மெத்தை, திரைச்சீலை, மக்களின் உடல் போன்று ஒலியை உட்கொள்ளும் பொருள்கள் மிகுந்தால் முழக்கம் குறுகும். இவ்விதியே இன்றுவரை அரங்க ஒலியியலுக்கு அடிப்படை.

இவ்விரண்டு கதைகளையும் மனத்திற்கொண்டு தமிழ்நாட்டிற்கு வருவோம். 1897-ஆம் ஆண்டளவிலேயே சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சலனப்படம் காட்டப்பெற்றது. ஆயினும் அதனை ஊர் ஊராகக் கொண்டுசென்ற பெருமை கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்டைச் சாரும். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-ஆம் ஆண்டில் துப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் வாங்கினார், வேலையைத் துறந்தார், கூடாரத்தோடு புறப்பட்டார். அவர் ஊர்தோறும் மண்டபம் கட்டவில்லை. கித்தான் துணியும் கம்பங்களுமே அவருடைய அரங்கம். அவ்வாறு ஈட்டிய பொருளைக்கொண்டு 1914-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார்.

வின்சென்டின் வழியில் வந்தவையே நம் கிராமங்கள் கண்ட ‘டூரிங் டாக்கீஸ்’ கொட்டகைகள். அவற்றின் சிக்கனத்தைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். நகரத்துக் கொட்டகை இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி ஓட்டும். இதற்கு ஒன்றே உண்டு. சுருள் தீரும்போதெல்லாம் விளக்கைப் போட்டு இடைவேளை விடுவர். முறுக்கு விற்பவர்க்கு அது நல்ல காலம். பகலில் துணியினூடே வெளிச்சம் புகும். ஆகையால் பொழுது சாய்ந்த பிறகே முதற்காட்சி. இருளுக்கு விலை கொடாமல் இரவுக்குக் காத்திருந்தனர். நாற்காலியும் பெஞ்சும் சிலருக்கு, மணற்றரையே பலருக்கு. முன்னிருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்துகொள்வர்!

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியானதிலிருந்து திரை தமிழ் பேசத் தொடங்கியது. பேசும்படம் வந்தபின் கூடாரத்தின் வறுமையே அதற்குத் துணையாயிற்று. கித்தானில் பட்ட ஒலியில் பெரும்பகுதி வெளியே சென்றுவிடும். மணல் ஒரு பகுதியை உட்கொள்ளும். நெருங்கி அமர்ந்த மக்கள் மற்றொரு பகுதியை உட்கொள்வர். சபைன் மெத்தைகளைக்கொண்டு செய்ததை இங்கே மணலும் மக்களும் செய்தனர். கல்லும் சுண்ணமும் கொண்ட உயர்ந்த மண்டபத்தில் குழறும் வசனம், கூடாரத்தில் முழக்கமின்றிக் கேட்கும்.

ஆனால் சிக்கனம் வரம்பு கடந்த இடங்களும் உண்டு. 1979-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் கீற்றுக் கொட்டகை ஒன்று காட்சி நடக்கும்போதே தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். பாரிஸ் கற்பித்த பாடத்தை 82 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு பெருந்துயரோடு மீண்டும் படித்தது.

படக்காட்சி வீட்டிற்குள் நுழைந்த வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. 1922-ஆம் ஆண்டில் பிரான்சின் பாதே நிறுவனம் 9.5 மில்லிமீட்டர்ச் சுருளையும், 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 16 மில்லிமீட்டர்ச் சுருளையும் இல்லங்களுக்கென்று வெளியிட்டன. சுருளின் அகலம் குறைந்ததனால் செலவு குறைந்தது, உண்மையே. அதனினும் முதன்மையான மாறுதல், நைட்ரேட்டை விடுத்து எளிதில் எரியாத அசிட்டேட்டுப் பொருளைக் கொண்டதாகும். பின்னர் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1980-களில் வாடகை வீடியோ வந்தது. இன்று உள்ளங்கையளவு படக்கருவியும் கடையில் கிடைக்கிறது. கருவி ஓயாது மாறுகிறது. அறைக்கு உரிய இலக்கணமோ மாறவில்லை.

இவ்விலக்கணத்தை நம் சென்னையின் மேற்கே உள்ள கொரட்டூரில் வைத்துப் பார்ப்போம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, இரட்டை ஏரி என்று ஏரிகள் அடுத்தடுத்துத் தொடரும் தாழ்நிலம் அது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் அங்கே தெருக்களில் வெள்ளம் தேங்கியது. இத்தகைய ஊரில் நிலவறை அமைத்தோர் முதலில் கேட்க வேண்டியது கருவியின் விலையை அன்று, சுவரின் ஈரத்தை. ஓர் ஐப்பசி கார்த்திகை மழை கழியும்வரை அறையை வெறுமையாக விட்டு, சுவரில் உப்புப் பூக்கிறதா, தரையில் நீர் கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும். கசிந்தால், மேல்தளத்து அறையே தக்கது. அங்கே இருளைச் சன்னல் திரையாலோ இரவாலோ பெறலாம்.

அறை உலர்ந்ததாயின், அடுத்துக் காண வேண்டியவை வாயிலும் காற்றும் மின்கம்பியும். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். வழியில் எதையும் அடுக்கலாகாது. மின்சாரத்திற்கு நில இணைப்பும், கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு விசையும் இன்றியமையாதன. இவற்றில் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடன், சிக்கனம் அன்று.

அதன்பின் ஒலி. வெறுங் கான்கிரீட்டு அறை, சபைன் கண்ட அறையைப் போன்றே முழங்கும். எதிரெதிர்ச் சுவர்கள் 5 மீட்டர் இடைவெளியில் இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 34 அதிர்வுடைய தாழ்ந்த ஒலி அவற்றிடையே நின்று ஓங்கும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாய் இருந்தால் இக்கேடு மும்மடங்காகும். தரைக்குக் கயிற்றுப்பாய், பின்சுவருக்கு நூல் நிறைந்த அலமாரி, பக்கச் சுவர்களில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கும் தடித்த சமக்காளம், உட்கார இலவம்பஞ்சு மெத்தை: இவை பெரும்பாலான வீடுகளில் உள்ளனவே. இவற்றையும் விளக்குக்கும் மின்கம்பிக்கும் எட்டத்தில் வைக்க வேண்டும். தெர்மகோல் பலகையும் முட்டை அட்டையும் மலிவு என்று ஒட்டுவோர் உண்டு. அவை தாழ்ந்த ஒலியை அடக்குவதில்லை, தீயையோ விரைந்து பரப்பும். துணி அறைக்குள் எழும் முழக்கத்தைக் குறைக்குமே தவிர, ஒலி அயல்வீட்டிற்குச் செல்வதைத் தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும் இடுக்கற்ற கதவும் வேண்டும்.

திரைக்கு நன்கு மட்டம் செய்து வெள்ளையடித்த சுவரே போதும். சுற்றுப்புறம் கருமையாய் இருந்தால் படம் பொலியும். திரையின் அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பதை மறவாதீர்கள். சிறிய, தெளிந்த படமே மங்கிய பெரும்படத்தினும் நன்று. இவ்வளவும் முடிந்தபின் எஞ்சிய பொருளுக்கு ஏற்ற கருவியை வாங்கலாம். நாளடைவில் கருவியை மாற்றுவது எளிது. சுவரை மாற்றுவது அரிது.

மாணவ அன்பர்களே, பாரிசின் நிலவறையும் தமிழகத்தின் கூடாரமும் ஏழ்மையான இடங்கள்தாம். அங்கே குறைந்தவை ஆடம்பரமும் அலங்காரமும். அலங்காரம் குறைந்ததனால் எந்த அரங்கமும் கெட்டதில்லை. காவல் குறைந்ததனால் அழிந்த அரங்கங்கள் உண்டு. வாடகை போதும் என்ற பாரிஸ்காரர் இடத்தின் மதிப்பை உணராதது போல, நாமும் நம் அறையின் மதிப்பை உணராமல் கருவியையே எண்ணிக்கொண்டிருத்தல் தகாது. அறையை ஆக்கிய பின்பு, கூடாரத்து மணற்றரையை நினைந்து, கூடுதலாக ஒரு பாயும் விரித்து வைப்போமாக. பக்கத்து வீட்டுச் சிறுவர்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும்.