உபதேசியாரின் பக்கத்தில்: நெய்யாற்றங்கரை எல்லைச் சபைகளில் இளையோர் ஊழியம் கற்ற முறை

ஆரியங்கோடு, பாறசாலை, வெள்ளறடை ஆகியவை நெய்யாற்றங்கரைப் பகுதியின் எல்லையோர ஊர்கள். இங்குள்ள சீர்திருத்தத் திருச்சபைகளில் சிறுவர், வாலிபர் நடுவே ஊழியம் செய்ய விரும்பியவர்கள் பல தலைமுறைகளாக அந்த வேலையை வகுப்பறையில் கற்றதைவிட மூத்த ஒருவரின் பக்கத்தில் இருந்தே அதிகம் கற்றார்கள். இது திட்டமிட்டு வகுத்த முறை அல்ல. சபைகள் பலவாகவும் போதகர்கள் சிலராகவும் இருந்த நிலைமையே அதை உண்டாக்கியது.

தென் திருவிதாங்கூரில் அதன் தொடக்கம் மயிலாடி. அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் என்பவர் 1799ஆம் ஆண்டளவில் சிதம்பரம் யாத்திரை சென்று திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஜான் காஸ்பர் கோலாஃப் போதகரைச் சந்தித்து, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் வந்தார். கோலாஃபும் சீடராக இருந்தே போதகரானவர். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறு வயதிலிருந்தே தம்முடன் வைத்து வளர்த்தார். 1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தோபே திருவிதாங்கூருக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. போதகர் அயலார்; ஊர், உறவு, வழக்கம் எல்லாம் அறிந்தவர் வேதமாணிக்கம். ஒருவர் வேதம் சொல்லிக்கொடுத்தார், மற்றவர் மக்களைச் சொல்லிக்கொடுத்தார். 1816இல் ரிங்கல்தோபே விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்திடம் வந்தது. அடுத்த மிஷனரி சார்ல்ஸ் மீட் வந்து சேரும்வரை அவரே சபைகளைக் காத்தார். இப்பகுதியில் பயிற்சி பெற்று வந்த ஊழியர் வரிசையில் அவரையே முதல்வராகக் கொள்ள வேண்டும்.

மயிலாடியில் 1809இல் தொடங்கிய பள்ளி, மீட் காலத்தில் நாகர்கோவிலில் செமினாரியாக வளர்ந்தது. உள்ளூர்ப் பையன்களை ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் ஆக்குவதே அதன் நோக்கம். 1893இல் அதுவே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது. ஆனால் செமினாரியில் படித்தவர்கள் சிலரே. கிராமச் சபைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்துகொண்டே கற்றவர்கள்.

பாறசாலை 1840களில் தனி மிஷன் நிலையமானது. 1838இல் நெய்யூருக்கு வந்திருந்த மிஷனரி ஜான் ஆப்ஸ் பின்னர் அங்கே பணியாற்றினார். அவருடைய அனுபவங்கள் 1870இல் நூலாக வந்தன. ஒரு நிலையத்தின் கீழ் ஊர் ஊராகப் பல சபைகள். மிஷனரி ஒரு சபைக்கு எப்போதாவதுதான் போக முடியும். ஆகவே ஒவ்வொரு சபையிலும் ஓர் உபதேசியார் தங்கினார். குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது, வினா விடை மனப்பாடம் செய்விப்பது, வீடு சந்திப்பது, நோயாளியின் அருகில் ஜெபிப்பது, ஞாயிறு ஆராதனை நடத்துவது எல்லாம் அவர் கையில். குறித்த நாளில் உபதேசியார்கள் எல்லாரும் நிலையத்தில் கூடுவார்கள். செய்த வேலைக்குக் கணக்குச் சொல்வார்கள். வேதபாடத்தில் பரீட்சை உண்டு. அடுத்த ஞாயிறுக்கான பிரசங்கத்துக்குக் குறிப்பும் அங்கேதான் கிடைக்கும். செய்துவிட்டு வந்து சொல்வது, சொன்னபிறகு திருத்திக்கொள்வது என்ற இந்தச் சுழற்சிதான் உண்மையான பள்ளி. அதே சுழற்சி கீழேயும் நடந்தது. வாசிக்கத் தெரிந்த பையன் உபதேசியாருடன் வீடு வீடாகப் போவான். முதலில் பாட்டு எடுத்துக்கொடுப்பான், பிறகு சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வான், பிறகு தானே சபையில் வேதம் வாசிப்பவராகவும் உபதேசியாராகவும் ஆவான்.

இந்த எல்லையில் அவன் கற்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது: இரண்டு மொழி. தெற்கே தமிழ், வடக்கே மலையாளம். நடுவில் உள்ள ஊர்களில் இரண்டும் கலந்த பேச்சு. எந்த வீட்டில் எதைப் பேசினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

அந்நாள் ஊழியம் ஆபத்தில்லாததும் அல்ல. பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1858–59இல் ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26ஆம் நாள் வந்த அரசுப் பிரகடனத்தால்தான் சாணார் பெண்களுக்கு மேலாடை உரிமை ஓரளவு கிடைத்தது. அடிமை ஒழிப்பு அறிவிப்பு வந்தும் அப்போது நான்கே ஆண்டுகள். எழுத்து மறுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னதையே குற்றமாகப் பார்த்த ஊர்கள் உண்டு. உபதேசியார் அடிபட்டும் மறுநாள் பள்ளியைத் திறப்பதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

குருவின் அருகிருந்து கற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. களரியிலும் வைத்தியத்திலும் ஆசானே பள்ளி. நாராயணகுரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும் இதே நெய்யாற்றின் கரையில்தான் உள்ளது. அவருடைய ஆசான்களில் ஒருவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழர். மிஷன் முறை இங்கே எளிதாக வேர்பிடித்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இளையோர் ஊழியம் தனிப் பணியாக உருவெடுத்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளார்க் 1881இல் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டவர் சங்கம் வாலிபர்களே கூட்டம் நடத்த வேண்டும், பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றது. அதைவிட ஆழமாக இப்பகுதியில் பதிந்தது, பக்கத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920களில் நடத்திய கிராமப்புற மையம். ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியப் பொதுச்செயலர் கே.டி. பால் கிராமப் பணியை இயக்கத்தின் மையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மார்த்தாண்டத்தை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். ஆவி, மனம், உடல் என்ற ஒய்.எம்.சி.ஏ.யின் மூன்று பக்கங்களுடன் பொருளாதாரத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஐந்தாக்கினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் இளைஞர் பணியின் பகுதிகளாயின. தன் முயற்சியால் தானே எழ வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் நெருங்கி நின்று ஆலோசனை சொல்ல வேண்டும். இதுவே அவருடைய கொள்கை. உபதேசியார் முறையை அறிந்தவருக்கு இது புதிய பேச்சாகத் தோன்றியிராது. கோடைதோறும் நடந்த பயிற்சிப் பள்ளிக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். அவர்கள் மண்ணையும் தேன்கூட்டையும் கையால் தொட்டுக் கற்றார்கள். ஹாட்சின் நூல் 1932இல் வெளியானபின் மார்த்தாண்டம் வெளிநாட்டிலும் அறியப்பட்டது.

1943இல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் செமினாரி தோன்றியது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1956 நவம்பர் 1 அன்று பக்கத்து விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்குச் சென்றது, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. 1959இல் இப்பகுதிச் சபைகளின் திருமண்டலமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது. எல்லைக்கு வடக்கே ஆராதனை மொழி மலையாளமாக நிலைத்தது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் மலையாளப் பாட்டுடன் வளர்ந்தார்கள். ஒரே உபதேசியார் வழியில் வந்த குடும்பங்கள் இரண்டு திருமண்டலங்களில் பிரிந்தன.

இன்று போதகராவதற்கு இறையியல் பட்டம் வேண்டும். பாடத்திட்டம் செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகம் வகுத்தது. ஆனாலும் மாணவர் சபைக்குச் சென்று களப்பணி செய்வது படிப்பின் கட்டாயப் பகுதி. அங்கே போதகரின் கண்காணிப்பில் ஞாயிறு பள்ளி வகுப்பெடுக்கிறார், வாலிபர் கூட்டத்தில் உட்காருகிறார், வீடு சந்திப்பில் கூடவே நடக்கிறார். கிராமச் சபைகளில் உபதேசியாரின் இடத்தில் இப்போது சபை ஊழியர் இருக்கிறார்; புதிதாக வரும் மாணவருக்கு எந்த வீட்டில் எந்தப் பையன் படிப்பை விட்டான் என்று சொல்பவர் அவர்தான்.