கல்லாப்பெட்டிக் கம்பெனி போட்ட காய்கறித் தோட்டம்

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ஜார்தேன் தான்ஃபான்' என்ற சொல் தெரிந்திருக்கும். குழந்தைகள் தோட்டம் என்று பொருள். ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840-இல் தம் பள்ளிக்கு வைத்த 'கிண்டர்கார்டன்' என்ற பெயர்தான் பிரெஞ்சில் இப்படி ஆயிற்று. அது வெறும் அலங்காரப் பெயரல்ல. அவர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பாத்திகள் இருந்தன.

இந்த வழக்கம் பிறகு அமெரிக்காவுக்குப் போயிற்று. 1891-இல் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் ஹென்றி லிங்கன் கிளாப் என்ற தலைமையாசிரியர் தம் பள்ளியில் தோட்டம் போட்டார். அந்த மாநிலத்துத் தோட்டக்கலைச் சங்கம் அவருக்குத் துணை நின்றது. ஆனால் ஒரு கம்பெனியே பணம் போட்டுப் பிள்ளைகளுக்குத் தோட்டம் அமைத்த கதை, ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் நடந்தது.

கடைகளில் காசு வாங்கிப்போடும் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி அங்கே இருந்தது. முதலாளி ஜான் பேட்டர்சன். தொழிற்சாலையை ஒட்டி ஸ்லைடர்டவுன் என்ற பேட்டை. அங்குள்ள பையன்கள் கல்லெறிந்து தொழிற்சாலை ஜன்னல்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேறொருவராக இருந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார். பேட்டர்சன் பண்ணையில் வளர்ந்தவர். கைக்கு வேலை இல்லாததுதான் காரணம் என்று நினைத்தார். 1897-இல் நிலம், விதை, மண்வெட்டி எல்லாம் கொடுத்து, சொல்லித்தர ஒரு தோட்டக்காரரையும் சம்பளத்துக்கு அமர்த்தினார். விளைந்தது பையன்களுக்கே. வீட்டுக்கும் கொண்டுபோகலாம், விற்கவும் செய்யலாம். பிற்பாடு பையன்களே பங்குகள் போட்டு ஒரு கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டு, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, லாபத்தைப் பங்கு பிரித்தார்கள்.

இது தர்மமா, சுயநலமா? இரண்டும்தான். ஜன்னல் பிழைத்தது, பேட்டையும் அழகாயிற்று, கம்பெனிக்கும் நல்ல பெயர். இதே பேட்டர்சன், போட்டிக் கம்பெனிகளை நசுக்கினார் என்ற வழக்கில் 1913-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். மேல்முறையீட்டில் 1915-இல் அத்தீர்ப்பு தள்ளுபடியானது. ஆக, கொடுத்தவர் மகான் அல்ல. ஆனால் கத்தரியும் தக்காளியும் கொடுத்தவர் மனசைப் பார்த்துக் காய்ப்பதில்லை. தண்ணீர் வந்ததா, ஆள் பார்த்தாரா என்பதுதான் அதற்குக் கணக்கு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மதிய உணவுத் திட்டத்தோடு சேர்த்துப் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடுவதற்கு மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. பணம் இருக்கிறது, ஆணையும் இருக்கிறது.

கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்குவதற்கு நிதி சுலபமாகக் கிடைக்கும். வைத்துக் காப்பாற்றத்தான் கிடைக்காது. பூவாளி, விதைப் பொட்டலம், பெயர்ப்பலகை எல்லாம் ஒரே பில்லில் முடிந்துவிடும். மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? அந்தச் செலவுக்குத் தலைப்பே இருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பலகை மட்டும் பச்சையாக நிற்கும்.

டேட்டனில் கவனிக்க வேண்டியது அந்தத் தோட்டக்காரரின் சம்பளம். அடுத்தது, விளைச்சல் பிள்ளைகளுக்கே என்ற ஏற்பாடு. உங்கள் தெருப் பள்ளிக்கு ஏதாவது கம்பெனி தோட்டம் போட்டுத்தர வந்தால், நண்பர்களே, நன்றி சொல்லுங்கள். கூடவே இரண்டு கேள்வியும் கேளுங்கள்: விடுமுறையில் பாத்தியைப் பார்ப்பது யார்? முதல் வெண்டைக்காய் யார் வீட்டுக்குப் போகும்?