அறுவடை இயந்திரமும் அதன் துப்புரவும்

அறுவடை எப்பொழுது முடிகின்றது? கடைசிக் கதிர் அறுபட்ட பொழுதென்பர் சிலர். கடைசி மூடை களஞ்சியஞ் சேர்ந்த பொழுதென்பர் வேறு சிலர். அறுத்தல், சூடடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று தொழில்களையும் ஒருங்கே புரியும் கூட்டு அறுவடை இயந்திரத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்விரு விடைகளும் போதா. இயந்திரம் துப்புரவாகிக் கொட்டிலை அடையும்வரை அறுவடை முடிந்ததாகாது.

பழைய கமக்காரனுக்கு இவ்வேலை எளிதாயிருந்தது. அரிவாளைத் துடைத்துக் கூரையிற் செருகினான், களத்தைக் கூட்டினான், சுளகைத் தட்டி மாட்டினான். எஞ்சிய மணியையும் பதரையும் கண்ணே காட்டிவிடும். மூன்று தொழில்களும் ஓர் இரும்புப் பேழையுட் புகுந்தபோது, எஞ்சியவையும் அதனுள்ளேயே மறைந்தன.

அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் வாழ்ந்த ஹைரம் மூர் என்பார் இத்தகைய பொறிக்கு 1836 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். குதிரைகள் பல பூட்டி இழுத்த பெரும் பொறி அது. அவருடைய பொறியொன்று 1854 இற் கலிபோர்ணியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே ஏறத்தாழ 600 ஏக்கர்க் கோதுமையை அறுத்தது. ஆயின் 1856 இல், மசகெண்ணெய் இடுவதில் நேர்ந்த அசட்டையால் அது தீப்பற்றி அழிந்தது. அச்சு சூடேறினால் அருகிலுள்ள சருகுக்கு ஒரு பொறியே போதும். இன்றைய இயந்திரங்களிலும், எஞ்சினைச் சுற்றிப் படியும் உலர்ந்த உமியும் தூசியும் தீக்கு இரையாகக் காத்திருக்கின்றன.

அடுத்த மாற்றம் பயணத்தால் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், மாசி ஹரிஸ் என்னும் கனேடிய நிறுவனம் தானே இயங்கும் இயந்திரங்கள் 500 ஐச் செய்து கூலி அறுவடைகாரருக்கு விற்றது. கதிர் முற்றும் முறைப்படி அவை தென் மாநிலங்களிலிருந்து கனேடிய எல்லை நோக்கி வயல் வயலாய் அறுத்துச் சென்றன. போர்க்கால உணவுத் தேவைக்கு அது பேருதவியாயிற்று. ஆயினும், ஒருவன் வயலிற் பிறந்த களை இன்னொருவன் வயலுக்கு இயந்திரமேறிச் செல்லும் வழியும் அகலத் திறந்தது.

அவ்வழியின் ஆபத்தை 1996 ஆம் ஆண்டு உணர்த்திற்று. இந்தியாவின் கர்னால் என்னும் ஊரிலே கோதுமையிற் கண்டறியப்பட்டு 1931 இல் விவரிக்கப்பட்ட கரிப்பூட்டை நோயொன்று, அவ்வாண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் அரிசோனாவிற் புலப்பட்டது. நோயுற்ற மணி கருமையடைந்து மீன் வாடை வீசும். அதன் நுண்வித்துக்கள் மண்ணிற் பல்லாண்டு உயிர்த்திருக்கும். விளைச்சலில் நேரும் இழப்பு பெரிதன்று. எனினும், நோயுள்ள நாட்டின் கோதுமையை வாங்கப் பிறநாடுகள் மறுக்குமாதலால், வணிகமே தளரும் நிலை தோன்றியது. எனவே, நோய் கண்ட பகுதியிலிருந்து வெளியேறும் அறுவடை இயந்திரங்கள் துப்புரவாக்கப்பட்டுக் கிருமிநீக்கம் பெறவேண்டுமென அரசு விதித்தது. கமக்காரனின் கொட்டில் வேலை நாட்டின் சட்டமாயிற்று.

வெறுமையாகிவிட்டதாகத் தோன்றும் இயந்திரத்தினுள் எவ்வளவுதான் எஞ்சும்? அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் திறந்து நோக்கியபோது, நூறு இறாத்தலை அணுகியும் கடந்தும் தானியமும் கூளமும் கிடக்கக் கண்டனர். தானியத் தொட்டியின் மூலைகளிலும், கற்பொறியிலும், ஏற்றிகளின் அடியிலும், சல்லடைகளின் இடுக்குகளிலும் அவை தங்கும். ஆதலின் அறுத்து முடித்த வயலிலேயே அடிக்கதவுகளைத் திறந்து, அருகில் எவரும் நில்லாதபடி, காற்றாடியை முழு வேகத்திற் சுழலவிட்டு இயந்திரத்தைச் சிறிது நேரம் வெறிதே ஓட்டுவர். பின்னர் எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கையிலெடுத்து, வெட்டுத் தலைக்கு முட்டுக்கொடுத்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். தூசி கீழ்நோக்கி விழுவதாதலால் மேலிருந்து கீழாக அழுத்தக் காற்றால் ஊதுவர். ஈரம் தூசியோடு கூடினால் துருவும் பூஞ்சணமும் வரும். மணி கிடந்தால் எலி வந்து மின்கம்பிகளைக் கடிக்கும். ஈற்றிற் சங்கிலிகளுக்கு எண்ணெயிட்டு வார்களைத் தளர்த்தி வைப்பர்.

இலங்கை வயல்களுக்கும் இவ்வரலாறு அயலானதன்று. 1990களில் இங்கு அறியப்பட்ட களைநெல், தோற்றத்தில் நெற்பயிரையே ஒக்கும். பயிர் அறுபடுமுன்னே தன் மணியை உதிர்த்துவிடும். அதனைக் கொல்லும் மருந்து நெல்லையுங் கொல்லும். கலப்புள்ள விதைநெல்லோடு, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் அறுவடை இயந்திரமும் அதனைப் பரப்புகின்றது. கூலிக்கு வரும் இயந்திரத்துக்கு ஒரு மணி நேரம் பொன்னானது. அடுத்த வயற்காரரும் காத்து நிற்பார். ஆயின் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தால், அடுத்தடுத்த போகங்களிற் கைக்களை பிடுங்கும் நாட்கள் பலவாகும்.

இயந்திரம் மனிதனின் உழைப்பைக் குறைத்தது. அவனுடைய கவனத்தைக் குறைக்கவில்லை. முன்பு களத்தைக் கூட்டிய கை, இன்று இயந்திரத்தின் அடிக்கதவைத் திறத்தல் வேண்டும். தன் வயலின் எச்சத்தை அயலவன் வயலுக்கு அனுப்பாதிருத்தலும் கமத்தொழிலின் பழைய அறங்களுள் ஒன்றேயாகும்.